அன்னைக்கே ஏன் சொல்லலை?

தமிழ்நாட்டில் எந்தப் பெண் எந்தப் பிரபலத்தின் மேல் புகார் சொன்னாலும் விசாரணை ஒரே கேள்வியில் தொடங்கி அதே கேள்வியில் முடிந்துவிடும். அன்னைக்கே ஏன் சொல்லலை? இதைக் கேட்க வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டாம். புகார் என்னவென்று முழுசாகத் தெரிந்திருக்கவும் வேண்டாம். யார் மேல் என்று தெரிந்தால் போதும். நம் ஆள் என்றால் கேள்வி தானாக வாய்க்கு வந்துவிடும். நம் ஆளுக்கு ஆகாதவர் என்றால் கேள்வியே கிடையாது, நேரே தூக்குத்தண்டனைதான்.

எங்கள் செட்டில் இந்த நீதிபரிபாலனம் பல வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. இடம், சாலிகிராமம் பக்கம் ஒரு மொட்டை மாடி. நேரம், சனிக்கிழமை ராத்திரி. பேங்க்கில் வேலை பார்ப்பவன் ஒருவன், மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன் ஒருவன், டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியராக இருப்பவன் ஒருவன், இலக்கியம் படித்து வீணாய்ப்போனவன் ஒருவன், அப்புறம் நான். ராஜாவா ரகுமானா என்பது 1992-ல் 'ரோஜா' வந்த அன்று தாக்கலான வழக்கு. இன்னும் வாய்தாவில் இருக்கிறது. பாட்டில் பெரியது இசையா வரியா என்று 2024-ல் மேடையேறிய சண்டையையும் விடவில்லை. அதில் இரண்டு பேர் ஒரு மாசம் பேசிக்கொள்ளவில்லை. இதெல்லாம் நல்ல சண்டை. யார் ஜெயித்தாலும் யார் வீட்டு அடுப்பும் அணையாது. அடுப்பு அணைகிற சண்டை வரும்போதுதான் எங்கள் லட்சணம் தெரியும்.

2018 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். 4-ம் தேதி '96' வெளியானது. த்ரிஷாவின் ஜானுவுக்கு டப்பிங் பேசியது சின்மயி, பாடியதும் அவர்தான். பேங்க்காரன் படம் பார்த்துவிட்டு மாடிக்கு வந்து, "அந்தக் குரல்ல ஒரு வலி இருக்குல்ல மச்சான், அது நடிப்பே இல்லடா, நிஜம்" என்று மூக்கை உறிஞ்சினான். ஒரு வாரம்கூடப் போகவில்லை. அதே குரலுக்குச் சொந்தக்காரர், பல வருடத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் தனக்கு நேர்ந்ததைச் சொல்லி, கவிஞர் வைரமுத்துவின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பேங்க்காரன் சொன்னான்: "நடிக்கிறாடா."

கவிஞர் புகாரை மறுத்தார், வழக்குப் போட்டால் சந்திக்கத் தயார் என்றார். இன்றுவரை எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குச் சாட்சிக்கூண்டில் வேலை இல்லை. என் பிராது எங்கள் மாடியின் மேல். நிஜத்திலிருந்து நடிப்புக்குக் கட்சி மாற அவனுக்கு எது போதுமானதாக இருந்தது? ஆதாரமா, குறுக்கு விசாரணையா? ஒன்றும் இல்லை. அவன் கல்லூரிக் காலத்தில் காதல் கடிதம் எழுதியபோதெல்லாம் கைகொடுத்தவை அந்தக் கவிஞரின் வரிகள். அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண்ணின் மானத்தை விட இவன் இருபது வயதில் காப்பியடித்த கடிதத்தின் மானம் பெரிதாகிவிட்டது.

கேள்விகள் வரிசையாக வந்தன. அன்னைக்கே ஏன் சொல்லலை? சரி, அப்ப சொல்லலை, தன் கல்யாணத்துக்கு அவரை ஏன் கூப்பிட்டா? கால்ல வேற விழுந்தாளே? கல்யாணப் பத்திரிகை கொடுத்தது நற்சான்றிதழ் கொடுத்ததற்குச் சமம் என்று வைத்தால், இந்த மாநிலத்தில் ஒரு பங்காளி வழக்குகூட கோர்ட்டில் நிற்காது. மெடிக்கல் ஷாப்காரன் தன் கல்யாணத்தில் சித்தப்பா காலில் விழுந்து எழுந்தான். மறு வாரமே அதே சித்தப்பாவின் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டான். அதைச் சொன்னேன். "அது வேற" என்றான்.

எங்களில் விவரம் தெரிந்தவன் சவுண்ட் இன்ஜினியர். அதனாலேயே அவன் அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு ரொம்ப வற்புறுத்திய பிறகு சொன்னான். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. மைக்கு, ஹெட்போன், ஸ்டாண்டுல பேப்பர். இந்தப் பக்கம் நாலு பேர் உக்காந்திருப்பாங்க. அவ உள்ள பேசறது இங்க கேக்கும். இங்க பேசறது, நான் டாக்பேக் பட்டனை அமுக்கினாத்தான் அவளுக்குக் கேக்கும். எவ்வளவு அசிங்கமாப் பேசினாலும் பட்டன்ல நான் கை வைக்கலைன்னா அவளுக்குத் தெரியாது. நல்லா பண்ணும்மா, ஒன்மோர் போலாம்னு அப்புறம் பட்டனை அமுக்கிச் சொல்வாங்க. அவளுக்கு நாளைக்கு வேலை உண்டா இல்லையான்னு முடிவு பண்றது இந்த நாலு பேர்தான். யாரும் எழுதித் தரமாட்டாங்க. ஃபோன் வராது, அவ்ளோதான்."

இதைக் கேட்டு மாடி ஒரு நிமிடம் சும்மா இருந்தது. பிறகு பேங்க்காரன் கேட்டான், "சரி, அப்ப அவளுங்க ஏன் அன்னைக்கே சொல்லலை?"

நவம்பரில் ஃபோன் நின்றது. தென்னிந்திய டப்பிங் கலைஞர்கள் சங்கம் சின்மயியை நீக்கியது. காரணம், இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லையாம். பேசிய ஒவ்வொரு படத்துக்கும் தன் சம்பளத்திலிருந்து சங்கம் பிடித்தம் செய்துகொண்டுதான் இருந்தது, பாக்கி என்று அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார் அவர். அக்டோபரில் புகார், நவம்பரில் நீக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தீபாவளி வந்துபோனது. மற்றபடி ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று நாம் நம்ப வேண்டும். நம்பினோம். "சங்கம்னா விதின்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான்" என்று மெடிக்கல் ஷாப்காரன் விளக்கினான். அவன் தன்னுடைய வியாபாரிகள் சங்கத்துக்குக் கடைசியாகச் சந்தா கட்டியபோது அந்தச் சங்கத்துக்கு வேறு தலைவர். கேட்டால் அதுவும் வேற.

டப்பிங் சங்கத்தின் அப்போதைய தலைவர் ராதாரவி. 2019 மார்ச்சில் ஒரு பட விழா மேடையில் நயன்தாராவைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காகத் திமுகவே அவரைக் கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. அந்த வீடியோவில் பேச்சைவிட எரிச்சலூட்டுவது கீழே உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு. சொல்லிவைத்த மாதிரி சரியான இடத்தில் சிரிக்கிறார்கள். இப்படிப்பட்ட சபையில் ஒரு பெண் எழுந்து "எனக்கு இப்படி நடந்தது" என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். நாங்கள் மாடியில் உட்கார்ந்து அதற்கு நாள் குறித்துக் கொடுப்போம். 2020-ல் சங்கத் தேர்தல் வந்தபோது சின்மயி போட்டியிட மனுக் கொடுத்தார், மனு தள்ளுபடி. உறுப்பினரே இல்லாதவர் எப்படி நிற்பார் என்றார்கள். விதியின் அழகே அதுதான். வெளியே தள்ளுவதற்கும் விதி, வெளியே நிற்பவரை உள்ளே விடாமல் இருப்பதற்கும் அதே விதி.

சட்டமும் எங்கள் மாடியில் உட்கார்ந்து எழுதியதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-ல் வந்த சட்டம், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுதிக் கொடு என்கிறது. தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் மேலேயே, மூன்று மாதத்துக்குள். சரி, அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் கமிட்டி இருக்கும், கமிட்டிக்குப் பெட்டி இருக்கும். இன்றைக்கு வடபழனி, நாளைக்கு ஹைதராபாத், மறுநாள் யாரோ ஒருவரின் வீட்டு ஸ்டுடியோ என்று ஓடுகிற பாடகிக்கு எந்தச் சுவரில் பெட்டி மாட்டியிருக்கிறது?

அதே 2018 அக்டோபரில், தன் மேல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் அப்போதைய மத்திய இணை அமைச்சர் எம்.ஜே. அக்பர் அவதூறு வழக்குப் போட்டார். அங்கேயும் அதே கேள்விதான். இத்தனை வருடம் கழித்து ஏன்? 2021 பிப்ரவரி 17-ல் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுதலை செய்தது. எத்தனை பத்தாண்டு கழிந்தாலும், தான் விரும்பும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மாடியில் இதைச் சொன்னேன். இலக்கியக்காரன் யோசித்துவிட்டு, "அது டெல்லி" என்றான். ஏதோ டெல்லியில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடக்கிறது, சாலிகிராமத்தில் மனுநீதிச் சோழன் ஆள்கிறான் என்கிற மாதிரி.

பேங்க்காரன் மனைவி பஜ்ஜித் தட்டோடு மேலே வந்தது அன்றைக்குத்தான். "நீயே சொல்லு, பொம்பளைங்கற முறையில. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று இவன் வாய் விட்டான். அவர் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார். "கல்யாணமான புதுசுல பஸ்ல ஒருத்தன் பண்ணதை அன்னைக்கே வந்து உங்ககிட்ட சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? விடு, தினம் அதே பஸ்லதான போகணும்னீங்க." கீழே இறங்கப் போனவர் திரும்பி, "சட்னி வேணும்னா யாராவது வந்து எடுத்துக்கங்க" என்றார். யாரும் போகவில்லை. ஐந்து பேரும் சட்னி இல்லாமலேயே தின்றோம். பேங்க்காரன் மட்டும் மெதுவாக, "அது வேற" என்றான். இந்த முறை அதில் சுருதி இல்லை.

அன்றைக்கே சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பர் 10, கிழக்குக் கடற்கரைச் சாலை, 'மறக்குமா நெஞ்சம்', ஏ.ஆர். ரகுமான் கச்சேரி. இடத்துக்குத் தாங்காத கூட்டம். டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்கள், கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்டுக் கதறியவர்கள், முதல்வரின் வாகனம் உட்பட நெரிசலில் மாட்டிய சாலை. அந்தக் கூட்டத்தில் தங்கள் மேல் கை வைத்தார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். எப்போது சொன்னார்கள்? அன்றைக்கே! வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, அழுத கண்ணோடு, நாள், நேரம், இடம் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். எங்கள் மாடி இருபது வருடமாகக் கேட்டது இதைத்தானே?

மெடிக்கல் ஷாப்காரன் ரகுமான் வெறியன். அவன் சொன்னான், "பாத்தியா, நிகழ்ச்சி முடியறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாளுங்க. இது திட்டமிட்ட சதிடா." அன்றைக்குச் சொல்லாமல் விட்டால் பொய், அன்றைக்கே சொன்னால் சதி. நடுவில் எந்தக் கிழமையில் சொன்னால் உண்மையாகும் என்று பஞ்சாங்கத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதில் வேடிக்கை, ரகுமான் தன் பெயரில் பழியை ஏற்றுக்கொண்டார். டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று கேட்டார், பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவருக்கே தோன்றிய வருத்தம் அவர் ரசிகனுக்குத் தோன்றவில்லை. பணம் திரும்பியது என்பது உண்மை. மேலே பட்ட கைக்கு ரீஃபண்ட் எந்த விலாசத்துக்கு எழுதிப்போட வேண்டும் என்று யாரும் அறிவிக்கவில்லை.

இலக்கியக்காரனுக்கு இந்தச் சில்லறைச் சண்டைகள் பிடிக்காது. அவன் கோட்பாட்டுக்காரன். 2021-ல் கேரளத்தின் ஓ.என்.வி. விருது வைரமுத்துவுக்கு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பி, விருதுக் குழு மறுபரிசீலனை செய்யப்போவதாகச் சொல்ல, அவரே விருது வேண்டாம் என்று சொன்னாரே, அப்போது இவன் மாடியில் ஒரு சொற்பொழிவு ஆற்றினான். படைப்பையும் படைப்பாளியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். சரி, பிரித்துப் பார்ப்போம். 2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. 'ஒரு தெய்வம் தந்த பூவே' எழுதியவருக்குத் தேசிய விருது. பாடிய பெண்ணுக்குச் சினிமாவில் அதுதான் முதல் பாட்டு. ஒரே பாட்டு, இரண்டு படைப்பாளிகள். எழுதியவரிடமிருந்து பாட்டைப் பிரித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டோம், மாலை போட்டோம், பிறந்தநாள் விழா எடுத்தோம். பாடியவரிடமிருந்து மைக்கைப் பிரித்தோம். கோட்பாடு ஒன்றுதான், அமல்படுத்துவதில்தான் சிறிய வித்தியாசம்.

கேரளாவைப் பற்றி எங்களுக்கு எப்போதும் உயர்ந்த அபிப்பிராயம் உண்டு, அதாவது அங்கே எல்லாம் மோசம் என்று. 2017-ல் கொச்சியில் ஒரு நடிகை காரில் கடத்தித் தாக்கப்பட்ட பிறகு அங்கத்திய நடிகைகள் ஒன்றுசேர்ந்து நின்றார்கள். அரசு ஹேமா கமிட்டியை அமைத்தது. பெண்கள் போய் உட்கார்ந்து சொன்னார்கள். 2019 டிசம்பரில் அறிக்கை அரசின் கையில். அது வெளியே வந்தது 2024 ஆகஸ்ட்டில், அதுவும் பல பக்கங்கள் மறைக்கப்பட்டு. பெண்கள் சொல்லிவிட்டார்கள், நாலரை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது அரசாங்கம். அரசாங்கத்தைப் பார்த்து அன்னைக்கே ஏன் சொல்லலை என்று எங்கள் மாடியில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. "நல்லவேளை, நம்ம இண்டஸ்ட்ரியில இப்படியெல்லாம் கிடையாது" என்று எல்லோரும் ஆறுதல் அடைந்தோம். கிடையாதுதான். இங்கே கமிட்டி போட்டு யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை, அதனால் கிடையாது. ரத்தப் பரிசோதனைக்கே போகாதவனுக்குச் சர்க்கரை இல்லாத மாதிரி.

அந்தச் செப்டம்பரில் நடிகர் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. குற்றம் உறுதியானால் ஐந்து வருடம் நடிக்கத் தடை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூடவே இன்னொன்று: பாதிக்கப்பட்டவர்கள் நேரே ஊடகங்களிடம் போகாமல் சங்கத்தின் கமிட்டியிடம் வர வேண்டும். வாசல் சாத்தியிருந்ததால்தான் அவர்கள் தெருவில் நின்று கத்தினார்கள். இப்போது வாசலைத் திறந்திருக்கிறோம், ஆகவே முதலில் கத்துவதை நிறுத்துங்கள் என்கிறார்கள். பக்கத்துச் சங்கத்தில் சந்தா பாக்கிக்காக வெளியே போனவரின் கதையை எல்லோரும் பார்த்திருக்கும்போது, அந்த வாசற்படியில் யார் முதலில் கால் வைப்பார் என்று பார்க்க நான் ஆவலாகவே இருக்கிறேன்.

நடுவில் ஒருவர் ஃபோன் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். 2023 'லியோ'வில் த்ரிஷாவுக்குப் பேச இயக்குநர் லோகேஷ் கனகராஜ் மறுபடி சின்மயியை அழைத்தார். வானம் இடிந்து விழவில்லை. படம் ஓடியது. ஒருவர் துணிந்தால் முடிகிற காரியம் என்றால் மற்றவர்கள் இத்தனை வருடம் எதற்குப் பயந்தார்கள்?

பிறகு 2025 மே 24, 'தக் லைஃப்' இசை வெளியீடு. 'முத்த மழை'யைத் தமிழில் பதிவில் பாடியது பாடகி தீ. அவர் வர முடியாததால் மேடையில் சின்மயி பாடினார். அந்த வீடியோ ஊரைச் சுற்றியது. தமிழன் பொங்கி எழுந்தான். இத்தனை வருடம் இந்தக் குரல் எங்கே போனது என்று கேட்டான். அட பாவி, உன் கண்ணெதிரே தானடா விரட்டினார்கள்! பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றாயே!

கேட்டவர்களில் பாதிப்பேர் மறுநாளே அந்தக் கேள்வியை மறந்து இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். தீ பெரியவரா, சின்மயி பெரியவரா? எங்கள் மாடி இரண்டாகப் பிரிந்தது. சுருதி, பாவம், மூச்சு, உச்சரிப்பு என்று தீயைக் கூண்டில் நிறுத்தி மெடிக்கல் ஷாப்காரன் கிழித்தான். அந்தப் பெண் செய்த குற்றம், கொடுத்த பாட்டைப் பாடியது. தன்னையும் தீயையும் மோத விடாதீர்கள் என்று சின்மயியே கேட்டுக்கொண்டார், தீயைப் புகழ்ந்தும் பேசினார். யார் காதில் விழுந்தது? அவரை விரட்டியவர்கள் யார் என்று பேசினால் பெரிய மனிதர்களின் பெயர் வரும். இரண்டு பெண்களை மோத விட்டால் பொழுது போகும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

போன மாதம் பேங்க்காரன் தனியாக என்னிடம் வந்தான். அவன் மகளுக்குக் கல்லூரி முதல் வருடம், நன்றாகப் பாடுவாள். ஒரு டிராக் பாட ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ரெக்கார்டிங். சவுண்ட் இன்ஜினியர் நண்பனுக்கு அந்த ஆட்களைத் தெரியுமா, எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிக்கச் சொன்னான். "நானும் லீவு போட்டுட்டு கூடப் போறேன். உள்ள விடலைன்னா வாசல்லயே உக்காந்திருப்பேன். தனியா மட்டும் அனுப்ப மாட்டேன்."

"எதுக்குடா? அவங்க தப்பா ஏதாவது பண்ணாங்களா? ஆதாரம் இருக்கா?" என்றேன்.

என்னை ஒரு முறை முறைத்தான். "டேய், ஊர் எப்படின்னு உனக்குத் தெரியாதா?"